லயத்து வாசலில் ஒரு ஜக் ரசல்: குணமும் பராமரிப்பும்

பதுளையிலிருந்து பசறை வழியாக லுணுகலைக்குப் போகும் வீதியோரக் கடைகளிலும் வீடுகளிலும் கடந்த சில வருடங்களாக ஒரு புதுவகை நாயைக் காண்கிறேன். வெள்ளை உடம்பு, முகத்தில் மண்ணிறத் திட்டு, பாதி மடிந்த காது, முழங்கால் உயரம்கூட இல்லாத உருவம். கேட்டால் "ஜக் ரசல்" என்பார்கள். முன்பு பங்களாக்களில் மட்டும் இருந்த இந்த வகை நாய் இப்போது லயங்களுக்கும் வந்துவிட்டது. வெளிநாட்டிலோ கொழும்பிலோ வேலை செய்யும் பிள்ளைகள் வீட்டுக்கு வாங்கிக் கொடுக்கிறார்கள். சின்ன நாய்தானே, சின்ன இடம் போதும், கொஞ்சம் சோறு போதும் என்று நினைத்தே பெரும்பாலானோர் வாங்குகிறார்கள்.

நானும் பசறைக்கு அருகில் ஒரு தோட்டத்தில், லயக் காம்பராவில், ஆறு வருடமாக ஒரு ஜக் ரசலை வளர்த்து வருகிறேன். பெயர் ஜிம்மி. இதை வாங்க நினைக்கிறவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான்: இது நம்ம இடத்துக்குச் சரிவருமா? அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல, இந்த நாய் எதற்காக உருவாக்கப்பட்டது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

பெயர் வந்த கதை

டெரியர் என்ற சொல் நிலம், மண் என்று பொருள்படும் 'டெரா' என்ற இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. மண்ணுக்குள் புகுந்து, வளைக்குள் இருக்கும் நரி, எலி போன்றவற்றை விரட்டுவதற்காகவே இங்கிலாந்தில் டெரியர்கள் வளர்க்கப்பட்டன.

ஜக் ரசல் என்பது ஒரு பாதிரியாரின் பெயர். 1795இல் இங்கிலாந்தின் டெவன் பகுதியில் பிறந்த ஜோன் ரசலை எல்லோரும் ஜக் என்றே அழைத்தார்கள். தேவாலயப் பணியைவிட நரி வேட்டையில்தான் அவருக்குப் பெயர் அதிகம். ஒக்ஸ்போர்டில் படித்த காலத்தில், 1819இல், ஒரு பால்காரரிடமிருந்து 'டிரம்ப்' என்ற பெண் டெரியரை வாங்கினார். வெள்ளை உடம்பு, இரண்டு கண்களுக்கும் காதுகளுக்கும் மேல் மண்ணிறத் திட்டு, வால் தொடங்கும் இடத்தில் ஒரு சின்னத் திட்டு. அந்த நாயிலிருந்து அவர் வளர்த்த வம்சம்தான் பிற்பாடு அவர் பெயரைப் பெற்றது. வேட்டையில் நரியோடு குழம்பிப் போகாமல் நாயை அடையாளம் காண வெள்ளை நிறம் உதவியது. 1873இல் பிரித்தானிய கெனல் கிளப் தொடங்கப்பட்டபோது அதன் ஆரம்ப உறுப்பினர்களில் ரசலும் ஒருவர். 1883இல் காலமானார்.

அதன் பிறகும் இந்த நாய்கள் பல தலைமுறைகளுக்கு வேலைக்கார நாய்களாகவே இருந்தன. அழகுப் போட்டி மேடைக்கு வந்தது மிகவும் பிந்தித்தான். குட்டைக் கால் வகையை ஒழுங்குபடுத்தி வளர்த்தது அவுஸ்திரேலியா. இங்கிலாந்தின் கெனல் கிளப் ஜக் ரசலைத் தனி இனமாக ஏற்றுக்கொண்டது 2016 ஜனவரியில்தான். கால் நீண்ட வகைக்கு 'பார்சன் ரசல்' என்று வேறு பெயர் இருக்கிறது.

நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இந்தச் சாயல் புதிதல்ல. பழைய எச்.எம்.வி. இசைத்தட்டுகளில் கிராமபோன் குழாய்க்கு முன்னால் தலையைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நாயை நினைத்துப் பாருங்கள். 'நிப்பர்' என்ற அந்த நாய் 1884இல் பிறந்து 1895இல் இறந்தது. பிரான்சிஸ் பெரோ என்ற ஓவியர் அதை வரைந்தார். அது கலப்பு டெரியர். ஜக் ரசல் சாயல் உள்ளது என்றே பலரும் சொல்வார்கள். 'த மாஸ்க்' படத்தில் முகமூடியைக் கவ்விக்கொண்டு ஓடும் மைலோவும் ஜக் ரசல்தான்.

இலங்கைக்கு வந்த டெரியர்கள்

வெள்ளைக்காரர்கள் இலங்கைக்கு வந்தபோது நாய்களையும் கூட்டிக்கொண்டே வந்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர், வேட்டை நாய்க் கூட்டத்தை வைத்து மலைக்காடுகளில் மரை வேட்டையாடியதைப் புத்தகமாகவே எழுதியிருக்கிறார்.

டெரியர் விடயத்தில் நன்றாகப் பதிவான உதாரணம் லெனார்ட் வுல்ப். பின்னாளில் எழுத்தாளர் வர்ஜீனியா வுல்பின் கணவரான இவர், 1904இல் இலங்கை சிவில் சேவைக்காகக் கப்பலேறினார். அவர் கொண்டுவந்தவற்றுள் முக்கியமானவை இரண்டு: வோல்டேரின் நூல்கள் 90 தொகுதிகள், கம்பி போன்ற ரோமமுள்ள ஒரு பொக்ஸ் டெரியர். நாயின் பெயர் சார்ள்ஸ். அவர் வந்த கப்பல் கொம்பனி நாய்களை ஏற்றாது என்பதால் சார்ள்ஸ் வேறு கப்பலில் தனியாக வந்து சேர்ந்தது. வுல்பின் முதல் வேலை யாழ்ப்பாணத்தில். பிறகு கண்டி, அம்பாந்தோட்டை என்று 1911 வரை இங்கே இருந்தார். சிங்களத்தில் 'பெத்தேகம' என்று அறியப்படும் நாவல் அவருடையது. பொக்ஸ் டெரியரும் ஜக் ரசலும் ஒரே வேரிலிருந்து வந்த நெருங்கிய சொந்தக்காரர்கள்.

தோட்டங்களில் துரைமார் வளர்த்த நாய்களைப் பற்றி எங்கள் பாட்டன், பாட்டிமார் கதை கதையாகச் சொல்வார்கள். பங்களா நாய்க்கு இறைச்சி, அதைக் குளிப்பாட்ட ஆள், அதற்குக் காய்ச்சல் என்றால் வைத்தியர். லயத்து நாய்க்கு மிஞ்சிய ரொட்டித் துண்டு. பார்வைக்கு நாயைப் பற்றிய கதை, உள்ளே மனிதர்களைப் பற்றிய கதை. இன்று அதே பங்களா நாய் லயத்து வாசலில் நிற்கிறது. பங்களாவில் அதற்கு இருந்த புல்வெளியும் ஆளும் வைத்தியரும் லயத்தில் இல்லை. இந்தக் கட்டுரையின் மீதிப் பகுதி அந்த இடைவெளியை எப்படிச் சமாளிப்பது என்பதைப் பற்றியது.

அடையாளங்கள்

வளர்ந்த ஜக் ரசலின் உயரம் தோள்பட்டை வரை 25 முதல் 30 சென்றிமீற்றர். எடை 5 முதல் 6 கிலோ. உயரத்தைவிட உடம்பின் நீளம் சற்று அதிகம். நெஞ்சுப் பகுதி ஒடுக்கமாக இருக்கும். இரண்டு கைகளாலும் முன்னங்கால்களுக்குப் பின்னால் பிடித்தால் விரல்கள் சந்திக்க வேண்டும் என்பது பழைய அளவுகோல். வளைக்குள் புகுந்து திரும்பி வர அந்த உடம்பு தேவைப்பட்டது.

ரோமம் மூன்று வகை: வழுவழுப்பானது, சொரசொரப்பானது, இரண்டுக்கும் இடைப்பட்டது. நிறத்தில் வெள்ளையே பெரும்பங்கு இருக்க வேண்டும். கறுப்பு அல்லது மண்ணிறத் திட்டுகள் இருக்கலாம். காது முன்பக்கம் மடிந்திருக்கும். வாலை வெட்டுவது பழைய பழக்கம். வீட்டில் வளரும் நாய்க்கு அது தேவையே இல்லை. குட்டியின் வாலை வெட்டித் தரவா என்று விற்பவர் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

ஆயுள் நீளமானது. பிரித்தானியாவின் றோயல் மிருக வைத்தியக் கல்லூரி 2022இல் வெளியிட்ட ஆய்வில், கணக்கெடுக்கப்பட்ட 18 இனங்களில் ஜக் ரசலுக்கே அதிக ஆயுள் எதிர்பார்ப்பு: 12.7 வருடம். அதே பட்டியலில் பிரெஞ்ச் புல்டோக்குக்கு 4.5 வருடம் மட்டுமே. ஆகவே இன்று முதலாம் வகுப்பில் இருக்கும் பிள்ளைக்கு நீங்கள் வாங்கிக் கொடுக்கும் குட்டி, அந்தப் பிள்ளை உயர்தரம் எழுதும்போதும் வீட்டில் இருக்கும்.

குணம்

இது மடியில் தூங்குவதற்காக உருவாக்கப்பட்ட நாய் அல்ல. புத்தி கூர்மை, வேகம், பிடிவாதம், பயமின்மை நான்கும் சேர்ந்தது. எலி ஓடினால் துரத்தும். பூனை ஓடினாலும் கோழி ஓடினாலும் துரத்தும். மண்ணில் ஓட்டை கண்டால் தோண்டும். ஜிம்மி ஒருமுறை தேயிலை மலையில் காண் ஓரத்து வளைக்குள் தலையை விட்டால், பெயர் சொல்லிக் கூப்பிடுவது அதன் காதில் ஏறாது. வாசனை முடியும்வரை அதற்கு வேறு உலகம் கிடையாது.

வீட்டாரோடு மிகவும் ஒட்டுதல். தனியே விட்டால் குரைக்கும், கதவைச் சுரண்டும், செருப்பைக் கடிக்கும். சும்மா இருக்கும் ஜக் ரசல் தனக்கான வேலையைத் தானே தேடிக்கொள்ளும். அது தேடும் வேலை நமக்குப் பிடிக்காது.

பிள்ளைகளோடு நன்றாக விளையாடும். ஆனால் வாலை இழுப்பதையும் சாப்பிடும்போது தொடுவதையும் பொறுத்துக்கொள்ளாது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை நாயோடு தனியே விடக்கூடாது. இந்த விதி எல்லா நாய்க்கும் பொருந்தும். தன்னைவிட மூன்று மடங்கு பெரிய தெரு நாயோடும் இது சண்டைக்குப் போகும். அதன் மனதில் அது சின்ன நாய் அல்ல.

லயத்தில் வளர்க்கலாமா?

வளர்க்கலாம். ஆனால் இடத்தைவிட நேரம் முக்கியம். காலையில் அரை மணி, மாலையில் அரை மணி நடையும் ஓட்டமும் கட்டாயம். காலையில் பிரட்டுக்குப் போய் மாலையில் களைத்து வரும் தாயும், கொழும்பில் வேலை செய்யும் மகனும், பாடசாலை போகும் பிள்ளையும் உள்ள வீட்டில் இந்த ஒரு மணி நேரத்தை யார் கொடுப்பது என்று வாங்குமுன்பே முடிவு செய்யுங்கள். பெயர் சொல்லக்கூடிய ஒரு ஆள் இல்லையென்றால் வாங்க வேண்டாம். நாள் முழுக்கச் சங்கிலியில் கட்டிய ஜக் ரசல் சில மாதங்களில் யாரைக் கண்டாலும் பாயும் நாயாக மாறிவிடும்.

இரண்டாவது, குரைப்பு. லயத்தில் ஒரு சுவருக்கு அப்பால் இன்னொரு குடும்பம். எங்கள் பக்கத்துக் காம்பரா அக்கா, "தம்பி, நேற்று ராத்திரி முழுக்க உங்க ஜிம்மி எலியோட பேசிக்கிட்டு இருந்துச்சு, நான்தான் தூங்கல" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் சிரித்தார், எல்லோரும் சிரிக்க மாட்டார்கள். மாலை நடையைக் கூட்டி, இரவில் நாயை இஸ்தோப்பில் கட்டாமல் உள்ளே படுக்க வைத்தோம். குரைப்பு பாதிக்குமேல் குறைந்தது. களைத்த டெரியர்தான் அமைதியான டெரியர்.

மூன்றாவது, கோழியும் பூனையும். லயத்தில் யாராவது கோழி வளர்ப்பார்கள். ஒரு கோழியைப் பிடித்தாலே போதும், அயலவர் உறவு கெடும். வெளியே எப்போதும் வாருடன் கூட்டிப் போங்கள். ஒடுக்கமான தலை என்பதால் கழுத்துப்பட்டி கழன்றுவிடலாம். நெஞ்சைச் சுற்றிக் கட்டும் வார் பாதுகாப்பானது.

குட்டி வாங்கும்போது

எட்டு வாரம் முடியாத குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கக்கூடாது. தாயை நேரில் பாருங்கள். தாய் பயந்தோ கடிக்க வந்தோ இருந்தால் குட்டியும் அந்தப் போக்கில் வரலாம். பதுளை பஸ் நிலையத்தில் பெட்டிக்குள் வைத்துக் கைமாற்றும் குட்டியில் தாயும் தெரியாது, தடுப்பூசியும் தெரியாது. வெள்ளையில் திட்டு உள்ள எல்லாக் குட்டியும் ஜக் ரசல் ஆகிவிடாது. நாட்டு நாய்க் கலப்பை இந்தப் பெயரில் விற்பவர்கள் உண்டு. கலப்பு நாய் மோசமானது என்று நான் சொல்லவில்லை. இந்த மண்ணுக்கும் வெயிலுக்கும் பழகிய நாட்டு நாய் பல வீடுகளுக்கு இதைவிடப் பொருத்தம். ஆனால் அதற்கு இந்த விலை கொடுக்கத் தேவையில்லை.

குட்டியின் காதுக்குப் பின்னால் கைதட்டிப் பாருங்கள். வெள்ளை நிறம் அதிகமுள்ள இனங்களில் சில குட்டிகள் பிறவியிலேயே காது கேளாதவை. கண்ணில் பீளை, வயிறு உப்பல், வயிற்றோட்டம் இருந்தால் எடுக்க வேண்டாம்.

மூன்று வாரம் முதல் 14 வாரம் வரையான காலத்தில் குட்டி எதையெல்லாம் பார்த்துப் பழகுகிறதோ அவற்றுக்குப் பிறகு பயப்படாது. முச்சக்கர வண்டிச் சத்தம், குடை, கொழுந்துக் கூடை சுமந்த ஆட்கள், கோயில் மேளம், சின்னப் பிள்ளைகள் எல்லாவற்றையும் அந்த வயதில் மெதுவாகக் காட்டுங்கள்.

சாப்பாடு

ஆறு கிலோ எடையுள்ள வளர்ந்த நாய்க்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 400 கலோரி போதும். ஓர் ஆளின் சாப்பாட்டில் ஐந்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். மிஞ்சிய சோற்றை எல்லாம் கொட்டினால் மூன்று வருடத்தில் நாய் உருளைக்கிழங்கு மூட்டையாகிவிடும். விலா எலும்பு கண்ணுக்குத் தெரியாமல், கைக்குத் தட்டுப்பட வேண்டும். அதுவே சரியான எடை.

கடையில் விற்கும் நாய் உணவு எல்லோருக்கும் கட்டுப்படியாகாது. வீட்டுச் சாப்பாட்டில் வளர்ப்பதென்றால் சோறு பாதிக்கு மேல் போகக்கூடாது. மீதி முட்டை, கோழி, மீன், அவித்த பூசணி, கரட், போஞ்சி. நெத்தலி போடுவதென்றால் சுடுநீரில் ஊறவைத்து உப்பை நீக்கிவிட்டுப் போடுங்கள். குட்டிக்கு ஒரு நாளைக்கு மூன்று, நான்கு முறை. ஒரு வயதுக்குமேல் இரண்டு முறை. வளரும் குட்டிக்கு வீட்டுச் சாப்பாட்டில் சுண்ணாம்புச் சத்து குறையும் என்பதால் மிருக வைத்தியரிடம் கேட்டு மருந்தாகக் கொடுங்கள்.

கொடுக்கவே கூடாதவை: வெங்காயம், பூண்டு, சொக்லட், திராட்சை, உலர்ந்த திராட்சை, சமைத்த கோழி எலும்பு. வெங்காயம் சேர்ந்த கறியும் சம்பலும் இதில் அடக்கம். வெங்காயம் நாயின் சிவப்பணுக்களை அழிக்கும். சமைத்த எலும்பு ஊசிபோல உடைந்து குடலைக் குத்தும். காய்ச்சல் என்று பெனடோல் கொடுக்கும் பழக்கமும் நம்மிடம் இருக்கிறது. ஆறு கிலோ நாய்க்கு மனிதருக்கான ஒரு குளிசையே அளவு மீறியது. ஈரலைக் கெடுக்கும். வைத்தியர் சொல்லாமல் எந்த மாத்திரையும் வேண்டாம்.

குளிப்பாட்டலும் உண்ணியும்

ரோமம் குட்டையானதால் பராமரிப்பு எளிது. வாரம் ஒருமுறை பிரஷ், மாதம் ஒருமுறை குளிப்பு போதும். பீலிக்கரையில் குளிர்ந்த தண்ணீரில் காலையிலேயே குளிப்பாட்டாதீர்கள். பகல் வெயிலில் குளிப்பாட்டி உடனே துவட்டுங்கள். நகம் தரையில் 'டிக் டிக்' என்று கேட்டால் வெட்ட வேண்டிய நேரம். சின்ன இன நாய்களுக்குப் பல்லில் காறை சீக்கிரம் பிடிக்கும். மெல்லிய பிரஷினால் வாரத்தில் மூன்று நாளாவது துலக்கப் பழக்குங்கள். மனிதருக்கான பற்பசை வேண்டாம்.

ஊவாவில் பெரிய மழை ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை. அந்த நாட்களில் நடந்துவிட்டு வந்தால் விரல் இடுக்கு, மூக்கு, காது எல்லாவற்றிலும் அட்டை பாருங்கள். மூக்குக்குள் அட்டை ஏறினால் நாய் தொடர்ந்து தும்மும், ஒரு துவாரத்தில் மட்டும் இரத்தம் வரும். நீங்களாக ஊசி, குச்சி விடாமல் மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.

உண்ணி எல்லாக் காலத்திலும் உண்டு. கச்சான் காற்றடிக்கும் வறண்ட மாதங்களிலும் கவனம் வேண்டும். உண்ணி கடித்துப் பரப்பும் பபேசியா கிருமி சிவப்பணுக்களை அழிக்கிறது. காய்ச்சல், சாப்பிடாமை, ஈறு வெளுத்துப்போதல், சிறுநீர் தேநீர் நிறத்தில் போதல் ஆகியவை அடையாளம். இரண்டு நாள் பார்ப்போம் என்று காத்திருக்கும் நோயல்ல இது. மாட்டுக்குப் பூசும் உண்ணி மருந்தை அளவு தெரியாமல் நாய்க்குப் பூசக்கூடாது. மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது. மாடு 300 கிலோ, இது 6 கிலோ.

எலி, விஷம், சிறுத்தை

எலி பிடிப்பது இதன் பிறவித் தொழில். லயங்களிலும் மரக்கறித் தோட்டங்களிலும் எலித் தொல்லை உள்ளவர்களுக்கு இது உதவிதான். ஆனால் எலியின் சிறுநீர் வழியாக எலிக்காய்ச்சல் நாய்க்கும் வரும், நாயின் சிறுநீரிலிருந்து மனிதருக்கும் வரலாம். எலிக்காய்ச்சலுக்கு எதிரான தடுப்பூசி நாய்களுக்கு உண்டு, கேட்டு வாங்கிப் போடுங்கள். நாய் கொன்ற எலியை வெறுங்கையால் தொடாதீர்கள். பொலித்தீன் பையைக் கையில் மாட்டி எடுத்துப் புதையுங்கள்.

எலி விஷம் அதைவிட ஆபத்து. கடையில் விற்கும் பல எலி மருந்துகள் இரத்தம் உறைவதைத் தடுப்பவை. விஷம் தின்ற நாய் முதல் இரண்டு நாள் ஒன்றுமே நடக்காததுபோல் இருக்கும். பிறகு மூக்கு, ஈறு, மலம் என்று இரத்தம் கசியும். வைட்டமின் கே1 இதற்கு மாற்று மருந்து. நேரத்தோடு கொடுத்தால் காப்பாற்றலாம். மருந்துப் பெட்டியைக் கையோடு வைத்தியரிடம் கொண்டுபோங்கள். நாய் உள்ள வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் எலி விஷம் வைக்காமல் இருக்கப் பேசி முடிவெடுப்பது நல்லது. மலையில் புல் மருந்து அடிக்கும் நாளில் நாயை வெளியே விட வேண்டாம்.

பாம்பைக் கண்டால் இந்த நாய் ஒதுங்காது. கடிபட்டால் நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு போங்கள். கட்டுப் போடுவது, கீறி விடுவது எதுவும் வேண்டாம். குளவிக் கூடு உள்ள மரங்களைத் தெரிந்து வைத்திருங்கள். மலையகத்தில் சிறுத்தைகள் தேயிலைக்குள்ளும் நடமாடுகின்றன. நாய் அவற்றுக்கு எளிதான இரை. இரவில் வெளியே கட்டிய சின்ன நாய் சிறுத்தையை லயத்துக்கு அழைப்பதற்குச் சமம். பன்றிக்கு வைக்கும் கம்பிச் சுருக்கிலும் நாய்கள் மாட்டுகின்றன. இந்தச் சுருக்குகளில்தான் சிறுத்தைகளும் சாகின்றன.

பரம்பரை நோய்கள்

உறுதியான இனம்தான் என்றாலும் சில நோய்கள் வம்சத்தில் வரும். கண்ணுக்குள் இருக்கும் வில்லை இடம்பெயர்தல் முக்கியமானது. மூன்று முதல் எட்டு வயதுக்குள் பெரும்பாலும் வரும். கண் சிவத்தல், நீர் வடிதல், கண்ணைச் சுருக்குதல் தெரிந்தால் அன்றே காட்ட வேண்டும். தாமதித்தால் பார்வை போகும். முழங்கால் சில்லு விலகினால் நாய் ஓடும்போது இடையிடையே ஒரு பின்னங்காலைத் தூக்கிக்கொண்டு துள்ளும். குட்டிப் பருவத்தில் இடுப்பு மூட்டு எலும்பு சிதையும் நோயும் சின்ன இனங்களில் வரும்.

சிக்கலான சத்திரசிகிச்சை என்றால் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள். பசறையிலிருந்து அது அரைநாள் பயணம். நாயை ஏற்றுவதற்கு பஸ்ஸில் எல்லோரும் சம்மதிக்க மாட்டார்கள் என்பதால் வாகனச் செலவும் சேரும். மாதாமாதம் ஒரு சின்னத் தொகையை நாய்க்கென்று ஒதுக்கி வைப்பது எங்கள் வீட்டு வழக்கம்.

விசர்நாய்க்கடி: எல்லாவற்றுக்கும் மேலான கடமை

பார்வோ, டிஸ்டெம்பர் போன்ற நோய்களுக்கான தடுப்பூசி ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, 16 வாரம் வரை மூன்று, நான்கு வார இடைவெளியில் போடப்படும். பூச்சி மருந்து குட்டிக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தொடங்கி, பெரிய நாய்க்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. வெறுங்காலோடு பிள்ளைகள் விளையாடும் வாசலில் நாய் மலம் கிடந்தால் கொக்கிப்புழு மனிதத் தோலுக்குள்ளும் புகும். உடனே அள்ளிப் புதையுங்கள்.

விசர்நாய்க்கடி ஊசியில் மட்டும் எந்தச் சமாதானமும் கூடாது. இலங்கையில் 1973இல் இந்த நோயால் 377 பேர் இறந்தார்கள். தடுப்பூசியால் இன்று அது வருடத்துக்குச் சில பத்துக்குள் குறைந்திருக்கிறது. அந்தச் சில பத்துப் பேரில் ஒருவரும் சாக வேண்டியவர் அல்ல. அறிகுறி தொடங்கிவிட்டால் காப்பாற்ற முடியாத நோய் இது. நம் நாட்டில் நாயோடு கீரி, மரநாய், நரி போன்றவற்றிலும் இந்தக் கிருமி கண்டறியப்பட்டுள்ளது. மற்ற நாய்கள் ஒதுங்கிப் போகும் கீரியை டெரியர் துரத்திக் கடிக்கும் என்பதால் இதற்கு ஆபத்து இரட்டிப்பு. மிருக வைத்தியர் சொல்லும் வயதில் முதல் ஊசி, பிறகு வருடம் தவறாமல் ஒன்று. அரசாங்கம் நடத்தும் முகாம்களில் இது இலவசம். அட்டையைப் பத்திரப்படுத்துங்கள்.

நாய்களைப் பதிவு செய்யும் சட்டம் 1901இலிருந்தே இருக்கிறது. பதிவு உள்ளூராட்சி மன்றத்தின் பொறுப்பு. ஆனால் தோட்டக் குடியிருப்புகளுக்குள் பிரதேச சபைகள் சேவை செய்ய 1987ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்த தடை, 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தினால்தான் நீங்கியது. இத்தனை வருடம் கிராமத்துக்கும் நகரத்துக்கும் போன பல சேவைகள் லயத்து வாசலுக்கு வராமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம். இப்போது கேட்கும் உரிமை இருக்கிறது. பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம், "ஐயா, எங்க டிவிசனுக்கும் ஒரு நாள் ஊசி போட வாங்க" என்று பத்துக் குடும்பம் சேர்ந்து எழுதிக் கொடுத்தால் பலன் உண்டு. உங்கள் ஜக் ரசலுக்கு மட்டும் ஊசி போட்டுப் பயனில்லை, அது சண்டை போடும் லயத்து நாய்களுக்கும் போட வேண்டும்.

எந்த நாய் கடித்தாலும், கீறினாலும், காயத்தை நக்கினாலும் செய்ய வேண்டியது ஒன்றுதான்: ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள், பிறகு அருகிலுள்ள அரச வைத்தியசாலைக்குப் போங்கள். ஊசி இலவசம். மிளகாய்த் தூள், கோப்பித் தூள், சுண்ணாம்பு எதையும் காயத்தில் அப்பாதீர்கள். கடித்தது வீட்டு நாய் என்றால் கொல்லாமல் கட்டிவைத்து 14 நாள் கவனியுங்கள். ஊசி போடுவதா, பொறுப்பதா என்பதை வைத்தியர் தீர்மானிக்கட்டும். "நம்ம நாய்தானே" என்று வீட்டிலிருந்துவிட்டவர்கள்தான் அதிகம் இறக்கிறார்கள்.

பெட்டை நாயானால் கருத்தடை செய்யுங்கள். வருடத்துக்கு இருமுறை பருவம் வரும், 63 நாளில் குட்டி போடும். அந்தக் குட்டிகளுக்கு வீடு கிடைக்காவிட்டால் அவை சந்தியில் விடப்படும். பசறை நகரில் பஸ் தரிப்பிடத்தில் சுற்றும் நாய்களில் கழுத்துப்பட்டி அடையாளம் உள்ள ஜக் ரசல் கலப்புகளை இப்போதே காணலாம்.

வாங்க நினைப்பவர்கள் மூன்று கேள்விகளை வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். தினமும் ஒரு மணி நேரம் நடத்துவது யார்? 12, 13 வருடம் ஊசிக்கும் மருந்துக்கும் செலவழிப்பது யார்? எல்லோரும் ஊருக்கோ வெளிநாட்டுக்கோ போகும் நாளில் பார்த்துக்கொள்வது யார்? மூன்றுக்கும் பெயர் சொல்ல முடிந்தால் குட்டியைக் கொண்டுவாருங்கள். முதல் வாரத்திலேயே மிருக வைத்தியரிடம் காட்டி ஊசி அட்டையைத் திறந்துகொள்ளுங்கள்.